சூப்பர்வைசர் வீட்டு விருந்தாளிகள்

டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் அவர் கையை இறக்கிவிட்டார். ஆட்டிய வரைக்கும் போதும். இந்தக் குடியிருப்பில் சில பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி போன பிறகும் வெறும் ரோட்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே வருகிறவனிடமெல்லாம் ஒப்பாரி வைப்பார்கள். மானங்கெட்ட ஜென்மங்கள்!

அவர் ஒரு பெரிய ஹோட்டலில், அறைகளைச் சுத்தம் செய்கிற பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும், மனைவி போய்ச் சேர்ந்தும், வாட்ச்மேன் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் இன்னும் சூப்பர்வைசர்தான். அதில் அவருக்குக் கொஞ்சமல்ல, நிறையவே பெருமை.

ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் பேத்தியும் விடுமுறை முழுக்க இங்கே இருந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். புறப்படும்போது மருமகள், “அடுத்த லீவுக்கும் வர்றோம் மாமா” என்று சொல்வாள் என்று காத்திருந்தார். அவளோ, “பார்க்கலாம் மாமா, எங்க அக்காவும் கூப்பிட்டுட்டே இருக்கா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். “இங்கேதான் வரணும்” என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கெஞ்சவா? அந்தப் பிழைப்பெல்லாம் எதிர்வீட்டுக்காரனுக்கு என்று விழுங்கிவிட்டார். வருவார்களா, மாட்டார்களா? அதுதான் இப்போது அரித்தது.

நினைத்த மாதிரியே எதிர்வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். முதியோர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஊரிலுள்ள வழுக்கைத் தலையையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டு திரிகிறவர். சூப்பர்வைசர் அவருக்கு மனசுக்குள் வைத்த பெயர் ‘சுறுசுறுப்பு’.

“போயிட்டாங்களா சார்? வீடு வெறிச்சுனு இருக்குமே! நாளைக்குக் காலைல நம்ம சங்கத்துக்கு வந்துடுங்க. இந்த வயசுல பிஸியா இருக்கணும் சார். சும்மா உட்கார்ந்தா மனசு நம்மளத் தின்னுடும்.”

“எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு” என்றார் சூப்பர்வைசர், லிஃப்டைப் பார்த்துக்கொண்டே.

பிஸியாம்! அந்தச் சங்கத்தின் லட்சணம் அவருக்குத் தெரியாதா? விடிந்ததும் பூங்காவில் வட்டமாக நின்று, ஒருத்தர் விசில் ஊத, எல்லாரும் ஹோ ஹோ என்று சிரிப்பார்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கிறவன் மனுஷன், விசில் ஊதினால் சிரிக்கிறவனை என்னவென்று சொல்வது? அப்புறம் காலி பாட்டிலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். போன மாதம் தோட்டவேலை என்று கிளம்பி, நாலே நாலு செடிக்கு ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தார்கள். வேலை என்றால் என்னவென்றே தெரியாமல் சம்பளம் வாங்கிய கூட்டம், ஓய்வுக்குப் பிறகு மட்டும் கிழித்துவிடுமா என்ன!

வேலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றினார், ரப்பர் கையுறையை மாட்டினார், ஜன்னல்களைத் திறந்துவிட்டார். ஹோட்டலில் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். விருந்தாளி லிஃப்டில் இறங்கிய நிமிஷத்திலிருந்து, அந்த அறைக்கு ஒருத்தர் வந்ததற்கே அடையாளம் இருக்கக் கூடாது. ஒரு தலைமுடி கிடந்தாலும் தொலைந்தான் அந்த ரூம் பாய்.

படுக்கை விரிப்புகளை உருவிச் சுருட்டினார். பேத்தி சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள். அதைப் பிரித்து, போர்வைகளோடு வாஷிங் மெஷினில் திணித்தார். பீரோக் கதவில் அவள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்களை பிளேடால் சுரண்டி, பசை போக மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். மெத்தையில் ஜூஸ் கொட்டிய கறை. இரண்டு மெத்தைகளையும் சோப்புத் தண்ணீரால் இரண்டு பக்கமும் தேய்த்து, பால்கனியில் நிறுத்தி வைத்தார். தலையணைகளை வாளியில் முக்கினார். கட்டிலடியில் பேத்தியின் துணிப்பொம்மை ஒன்று கிடைத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகிற பொருளுக்குச் செய்கிற மாதிரியே, தேதி எழுதிய சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்தார்.

பொம்மையை உறையில் போடும்போது பேத்தியின் குரல் காதில் கேட்டது. கை நின்றால் கேட்கத்தான் செய்யும். அதனால் அவர் கையை நிறுத்தவில்லை. குளியலறைக்குப் போய் டைல்ஸ் இடுக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். இதுவல்லவா பிஸி! விசில் ஊதி ஒருத்தன் சொல்லித்தர வேண்டுமா?

தரையில் பினாயில் காய்வதற்குள் காலிங் பெல் அடித்தது. சுறுசுறுப்புதான் சங்க நோட்டீஸோடு வந்துவிட்டது என்று எரிச்சலோடு கதவைத் திறந்தார். மகனும் மருமகளும் பேத்தியும் பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள்.

“ஃப்ளைட் கேன்சல்பா. நாளைக்குக் காலைலதான் அடுத்தது. ஹோட்டல் தர்றோம்னாங்க. இவதான், வேண்டாம், மாமாகூட இன்னொரு நாள் இருக்கலாம்னா” என்று சொல்லிக்கொண்டே வந்த மகன், உள்ளே காலை வைத்ததும் பேச்சை நிறுத்தினான்.

வீடு புதுசாக வாடகைக்கு விட வைத்த வீடு மாதிரி இருந்தது. கட்டில்கள் வெறும் பலகையாகக் கிடந்தன. பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. மருமகள் அறையைப் பார்த்தாள், பால்கனியில் தண்ணீர் சொட்டும் மெத்தையைப் பார்த்தாள், சுரண்டிய பீரோவைத் தடவிப் பார்த்தாள்.

“தாத்தா, என் வீடு எங்கே?” என்றாள் பேத்தி, மேஜைக்கு அடியில் குனிந்து.

“வாஷிங் மெஷின்ல” என்றார். உண்மை அதுதானே.

மகன் சிரிக்கப் பார்த்தான். “என்னப்பா, எங்களை ஒரேயடியா தலைமுழுகிட்டீங்களா?” பாதியில் அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

“மாமா, இன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டல” என்றாள் மருமகள். “இருந்த நாளெல்லாம் நாங்க எழுந்த இடத்த உடனே துடைப்பீங்க. சுத்தம் பார்க்கறவருன்னு நெனச்சேன். நாங்க எப்போடா கிளம்புவோம்னு இருந்திருக்கீங்க. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.”

“அட, அதெல்லாம் இல்லம்மா! அது வந்து… செக்-அவுட் ஆன ரூம்ல…”

“செக்-அவுட்டா?” என்றாள் அவள்.

சூப்பர்வைசர் கையுறையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒரு நாளில் எத்தனையோ அறைகளைத் துடைத்துத் தயார் செய்த மனுஷன்! அங்கே ஒரு மெத்தையை நனைத்தால் கிடங்கில் பத்து மெத்தை காய்ந்து கிடக்கும். வீட்டில் இருப்பதே இரண்டு என்பது, இரண்டையும் நனைக்கிற வரைக்கும் அவருக்குத் தோன்றவில்லை. பேத்தி அலமாரியிலிருந்த உறையை எடுத்து, சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பொம்மையை வெளியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

திறந்திருந்த கதவில் சுறுசுறுப்பின் தலை முளைத்தது. எங்கேதான் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றதோ!

“அடடே, திரும்பி வந்துட்டீங்களா! படுக்க இடமில்லையா? எங்க வீட்ல ரெண்டு ரூமும் சும்மாதான் கிடக்கு. எம்பசங்க இந்தத் தடவையும் வரல. வருவாங்கன்னு படுக்கையெல்லாம் விரிச்சு வச்சது அப்படியே இருக்கு. வாம்மா, வா. பாப்பா, உனக்கு பெயின்ட் அடிக்கத் தெரியுமா? சார், நீங்களும் வாங்க.”

“வேண்டாம், வேண்டாம், மெத்தை காஞ்சுடும்” என்றார் சூப்பர்வைசர்.

“நாளைக்கும் காயாதுப்பா” என்றான் மகன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. மருமகள் ஈரத்தரையில் கால் பதியாமல் ஓரமாக நடந்து வெளியேறினாள். மறுபடி துடைக்க வேண்டாமே என்கிற மரியாதை. அது அவரை அறைந்தது போல் இருந்தது.

மத்தியானம் முழுக்க அவர் தனக்குத்தானே பொருமினார். அந்த வீட்டிலா தங்குவது? ஃபேன் இறக்கையில் தூசி அப்பிக் கிடக்கும். குளியலறை மூலையைப் பார்த்தால் குமட்டும். சோபாவுக்கு அடியில் போன வருஷத்துப் பிஸ்கட் கிடக்கும். பிள்ளைக்கு இருமல் வந்தால் அப்போது தெரியும் சுறுசுறுப்பின் யோக்கியதை!

எதிர்வீட்டில் யாருக்கும் இருமல் வரவில்லை. சிரிப்புதான் கேட்டது. விசில் சத்தமில்லாமலே சிரித்தார்கள். அதில் மருமகள் சிரிப்பும் இருந்தது. இந்த வீட்டில் அத்தனை நாள் இருந்தும் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. தான் எத்தனை பெரிய முட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏளனம் செய்ய வேறு ஆள் கிடைக்காமல், முதல் முறையாகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ‘அடுத்த லீவுக்கும் இங்கேதான்மா வரணும். வரலைன்னா என்னால இருக்க முடியாது.’ கெஞ்சல்தான். கெஞ்சினால் என்ன, தலையா போய்விடும்?

கதவு திறந்தே கிடந்தது. மகன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான். தரையெல்லாம் பொரித்தூள், பெயின்ட், செய்தித்தாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே போர்வை வீடு ஒன்று எழும்பியிருக்க, அதற்குள்ளிருந்து சுறுசுறுப்பின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பேத்தி அந்தக் கால் நகங்களுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். “உள்ள வாங்க மாமா” என்றாள், வேற்று மனிதரைக் கூப்பிடுகிற பணிவோடு.

அவர் வாயைத் திறந்தார். மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் வரவில்லை. ஆயுசு முழுக்க ஹோட்டலில் ஒவ்வொரு அறைக் கதவிலும் நின்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்விதான் வந்தது.

“வேற ஏதாவது வேணுமாம்மா?”

“ஒண்ணும் வேண்டாம் மாமா” என்றாள் அவள். “இங்க எல்லாம் இருக்கு.”