மூன்றாம் வகுப்பு இறங்கித் தள்ளவும்

விடிவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். பனியில் விறைத்த இரும்புக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொள்ளும். வைக்கோல் செருப்பு ஈரத்தில் ஊறிக் கனக்கும். குனிந்து, தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து உந்தினால் பலகைப் பெட்டி முனகிக்கொண்டு நகரும். டோக்கியோவில் ரயிலை நீராவி இழுக்கிறதாம். கடற்கரையிலிருந்து வெந்நீர் ஊற்றுக்குப் போகும் எங்கள் ரயிலை மனிதன்தான் தள்ளுகிறான். நிலக்கரியைவிட நாங்கள் தின்னும் பார்லிச் சோறு கம்பெனிக்கு மலிவு.

மேடு வந்தால் முதல் வகுப்புக்காரர் உட்கார்ந்தே வருவார். இரண்டாம் வகுப்பு இறங்கி நடக்கும். மூன்றாம் வகுப்பு இறங்கித் தள்ளும். தண்டவாளம் போட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம். மீன் விற்கும் ஓசென் அக்காவுக்குத் தள்ளுவதென்றால் தனி உற்சாகம். "தள்ளுங்கடா தடியனுங்களா, சோறு தின்னலையா?" என்று எங்களையே விரட்டுவாள். அவள் கை வைத்தால் எங்கள் பாரம் பாதியாகும். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு மகிழ்ந்தோம், மடையர்கள்.

அதை ஒருநாள் முதலாளி குரிஹாரா பார்த்துவிட்டார்.

"பொம்பளைங்களே இந்தத் தள்ளு தள்ளுதுங்க. வண்டிக்கு மூணு பேர் எதுக்கு? ரெண்டு போதும்."

"மேட்டுல அவங்க தள்ளுவாங்க முதலாளி. எறக்கத்துல?" என்று கேட்டேன்.

"எறக்கத்துல வண்டி தானாப் போகுது."

"அதுதாங்க பயமே."

"பயந்தவன் வீட்டுக்குப் போ. வாசல்ல எத்தனை பேர் வேலை கேட்டு நிக்கிறான் பாரு."

இறக்கத்தில் இரண்டு பேர் பெட்டியில் தொற்றிக்கொண்டு பிரேக்கை அழுத்துவார்கள். மூன்றாமவன் முன்னால் நின்று வழி பார்ப்பான், ஊதுகுழல் ஊதுவான். குரிஹாரா வெட்டியது அந்தக் கண்ணைத்தான்.

மழை விட்ட மறுநாள் வளைவில் ஒரு பாறை விழுந்து கிடந்தது. முன் பிரேக்கில் என் கூட்டாளி இசபுரோ குனிந்திருந்தான், பின் பிரேக்கில் நான். பார்க்க ஆளில்லை. பெட்டி கவிழ்ந்தது. பயணிகள் ஆரஞ்சுத் தோட்டத்தில் உருண்டு பிழைத்தார்கள். இசபுரோவின் கால் சக்கரத்தடியில் கூழாகிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே வைத்தியர் எடுத்துவிட்டார்.

குரிஹாரா வந்து முதலில் பெட்டியைத்தான் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குடிச்சிருப்பான்."

சாராய வாடையே பிடிக்காதவன் இசபுரோ. மறுநாள் காலை அவன் இடத்தில் யாசுசோ என்ற புது ஆள் நின்றான். அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மேட்டில் ஓசென் அக்கா கை வைத்துக்கொண்டே கேட்டாள்: "எங்கப்பா இசபுரோ?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப நான் பாவம்னு தள்ளினதுதான் மூணாவது ஆளைத் தூக்குச்சா?"

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"வேலையை நிறுத்துங்கடா!"

"நிறுத்தச் சொல்லித் தூண்டினா ஜெயிலு. புதுச் சட்டம்."

அவள் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். "பயணி தள்ளலைன்னா எந்தச் சட்டத்துல ஜெயிலு?"

சந்தையில் கூடை இறக்கும் பெண்கள், கரி சுமப்பவர்கள் எல்லோரிடமும் அவள் பேசினாள். தள்ளுகிறவர்களிடம் நான் பேசினேன். மூன்றாவது ஆள் திரும்ப வரும்வரை பயணிகள் தள்ளுவதில்லை என்று முடிவாயிற்று.

குரிஹாரா ஒரு பட்டு வியாபாரியோடு முதல் வகுப்பில் ஏறிய நாள் அது. மேட்டடியில் நான் வழக்கம்போலக் கத்தினேன்: "மூணாம் வகுப்பு எறங்கித் தள்ளவும்!"

இறங்கினார்கள். கைகளை உடுப்பின் கைக்குள் இழுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

குரிஹாரா தலையை நீட்டினார். "என்ன நின்னுட்டு? தள்ளுங்க!"

"டிக்கெட் வாங்கினது உக்காந்து போகத்தானே எசமான்?" என்றாள் ஓசென் அக்கா.

"வழக்கம் தெரியாதா உனக்கு?"

"தெரியுமே. இசபுரோவோட காலைத் தின்ன வழக்கம்தானே?"

அவர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பியது. "டேய், வேலைநிறுத்தமா? போலீஸுக்கு ஆள் அனுப்பவா?"

"தள்ளிட்டுத்தான் இருக்கோம் முதலாளி. ரெண்டு பேர் போதும்னு சொன்னீங்க. இதோ ரெண்டு பேர்."

பொய்யில்லை. கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளினோம். வண்டி அசையவில்லை. பக்கத்தில் யாசுசோ மூச்சு வாங்கினான். "அண்ணே, நானும் நெசமாத்தான் தள்ளுறேன்."

"தெரியுதுடா தம்பி" என்றேன். அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

பட்டு வியாபாரி சலித்துப்போய் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார். பின்னால் அடுத்த வண்டி வந்து நின்றது. அதிலிருந்தும் மூன்றாம் வகுப்பு இறங்கிக் கையை மடக்கிக்கொண்டு நின்றது.

போலீஸ் வரும். நாளை எங்கள் இரண்டு பேரையும் துரத்தலாம். வாசலில் வேறு பசித்தவன் நிற்பான். இசபுரோவுக்குக் கால் முளைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காலையில் குரிஹாரா பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். யாசுசோவும் நானும், சட்டம் சொன்னபடி, உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தோம். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.