ஒருநாள் முந்திய எதிரொலி

1981-ஆம் ஆண்டு ஆடித்தபசுத் திருவிழாவன்று சங்கரன்கோவில் ரதவீதி மேடையில் ஒலித்த மின்கிட்டாரைப் பிச்சையா மறுநாள் மாலை ஏழு மணிக்குத்தான் வாசித்தார். இதற்குக் காரணமான எக்கோ பெட்டியைத் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த கடையநல்லூர் நஜ்முதீன் 1978-இல் கொண்டுவந்து, பிச்சையா வாசித்த மெல்லிசைக் குழுவின் தலைவரும் பாடகருமான சிவராமலிங்கத்திடம் கொடுத்தார். பெட்டிக்குள் ஒலிநாடா சுழலும். கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலையும் அது திருப்பிச் சொல்லும். 1980 தைமாதம் வரையில் எதிரொலி முறைப்படி மீட்டலுக்குப் பின்னரே வந்தது. பங்குனியில் மீட்டலோடு சேர்ந்து வந்தது. ஐப்பசியில் ஒரு பாட்டளவு முந்திக்கொண்டு வரவே, தபேலாக்காரர் ஆறுமுகச்சாமி, "எந்தப் பாட்டுல இருக்கீரு வே?" என்று பிச்சையாவிடம் மேடையிலேயே சலித்துக்கொண்டார். மதுரைக்குப் பழுதுபார்க்க அனுப்புவதாகச் சொல்லிச் சிவராமலிங்கம் பெட்டியைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அங்கே, கிட்டாரோடு எவ்வித இணைப்பும் இன்றி, பிச்சையா நாளை தம் வீட்டில் வாசிக்கவிருப்பதை அது இன்றே வாசித்தது.

மேடைகளில் கூட்டம் பாடகரை விட்டுக் கிட்டார்க்காரரையே பார்ப்பது சிவராமலிங்கத்துக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பெட்டியை அவர் மதுரைக்கு அனுப்பவில்லை. பிச்சையாவைத் தேடிச் சென்று, "கச்சேரியே இல்லாமப் போச்சு மக்கா. கை மறந்திரப்படாது. நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு உக்காந்து இந்த வரிசையில வாசி" என்று ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே பெட்டியோடு கரிவலம்வந்தநல்லூர்க் கச்சேரிக்குப் போனார். மாதக்கணக்கில் இவ்வாறு நடந்தது. பிச்சையா கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து வாசித்தார். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன் தம் விரல்களை மறவாதிருக்கிறானே என்று நெகிழவும் செய்தார்.

அடுத்த வைகாசியில் ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கப் புளியங்குடிச் சந்தைக்குப் போனவரை வியாபாரி முகம்மது இஸ்மாயில் கைப்பிடித்து நிறுத்தினார். "நேத்து இங்கன கல்யாண வீட்டுல ஒம்ம கிட்டாரு அழுதுச்சுல்லா! ஆளத்தான் காணல. தெரைக்குப் பொறத்தால இருந்தீரோ?" பிச்சையா எந்தெந்தப் பாட்டு என்று கேட்டார். இஸ்மாயில் சொன்ன வரிசையும் தம் சட்டைப்பையிலிருந்த சீட்டின் வரிசையும் ஒன்றாகவே இருந்தன. பெட்டி மதுரைக்குப் போகவில்லை என்பது அவருக்கு விளங்கிற்று. "அது இன்னைக்குத்தான் பாய் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். கல்யாண வீடாயிற்றே, நேற்றைய பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்று, ஏழு மணிக்குப் பிசகின்றி வாசித்தும் முடித்தார்.

ஆடித்தபசு மேடையில் 1974 முதல் ஓராண்டுகூடத் தவறாமல் அவர் வாசித்துவந்தார். அந்த ஒருநாளேனும் நண்பன் தம்மை அழைப்பான் என்று காத்திருந்தார். சிவராமலிங்கம் வந்து, "இந்த வருசம் மெல்லிசை கெடையாதாம்ல, சொற்பொழிவாம்" என்றார். மறுநாளைக்கென ஐந்து பாட்டுகள் எழுதிய சீட்டையும் நீட்டினார்.

"நெசமாத்தானா?"

"ஒங்கிட்டப் போயிப் பொய் சொல்லுவனால?"

தபசன்று மாலை பிச்சையா கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். நாளைக்குக் கிட்டாரைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டிருந்தமையால், மேடையில் பெட்டி ஊமையாகவே இருக்கும் என்று எண்ணினார். ஆயினும் கிட்டார் ஒலித்தது. முன் எப்போதும் வாசித்திராத அளவுக்கு நன்றாக ஒலித்தது. நண்பன் கைவிட்டதைக் காட்டிலும் தம் விரல்களும் அவன் பக்கம் போய்விட்டதே அவரைச் சுட்டது. இரண்டு பாட்டுகள் முடிந்தன. மூன்றாவதன் நடுவில் ஆறு கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுபடும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்டது. பின்னர் ஒன்றும் கேட்கவில்லை. சிவராமலிங்கம் பாட்டை நிறுத்திப் பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். "ஏலே, கிட்டாருக்காரன எங்கல?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். பிச்சையா தம் கைகளைப் பார்த்தார். நாளைக்குச் செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்துகொண்டார்.

மறுநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடையில் ஒரு குறடு வாங்கினார். ஏழு மணிக்கு அமர்ந்து, முந்தைய நாள் கேட்டபடியே, ஒரு மீட்டலும் குறையாமல் இரண்டரைப் பாட்டுகள் வாசித்தார். பிறகு தடித்த கம்பியிலிருந்து தொடங்கி ஆறையும் அறுத்தார். சிவராமலிங்கம் பிற்காலத்தில் ஆர்மோனியத்துக்குப் பாடினார். அவ்வட்டாரத்தில் கச்சேரிக்கு நாள் குறிக்க வருவோர், கிட்டார்க்காரருக்கு மறுநாள் மாலையும் ஒழியுமா என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.