வீட்டில் யாரும் இல்லை

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் அடுத்தவர்களின் விரிப்புகளை மடித்து மடித்தே க்ளெனிஸின் தோள் கழன்றுபோயிருந்தது. குளிர்காலம் வருகிறதென்றால் எரிவாயு பில் வேறு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்காகத்தான் வீட்டைச் சூடாக்கும் பாய்லரை அளவாக எரிய வைக்கும் புதுக் கருவி வாங்கப் போனாள்.

கடைக்காரன் மூன்றை எடுத்து வைத்தான். கையால் திருகுவது ஒன்று. நேரம் குறித்து வைத்தால் தானே எரிந்து அணைவது ஒன்று. மூன்றாவது, வீட்டில் நடமாட்டம் இல்லையென்றால் சூட்டை நிறுத்திவிடும். கைபேசியிலும் தகவல் காட்டும்.

“இதை வாங்குனா நீங்க எதையுமே ஞாபகம் வச்சுக்க வேண்டாம்மா” என்றான்.

ஞாபகம் வைக்க வேண்டியவை ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தன. மூன்றாவதையே வாங்கினாள். வந்து பொருத்தியவன், கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, வாசலை ஒட்டிய நடையில் மாட்டிவிட்டுப் போனான். அந்தத் தெருவில் எல்லா வீடுகளுக்கும் சமையலறை பின்னால், அதற்கும் பின்னால் குளியலறை. வெளியே போகாத மனிதனுக்கு வாசல் நடையில் வேலையே கிடையாது.

அவள் கணவன் எம்ரிஸ் அப்படிப்பட்ட மனிதனாகத்தான் ஆகியிருந்தான். வசந்தத்தில் தம்பி இட்வாலைப் புதைத்த பிறகு நாற்காலியே கதி. ரக்பி கிளப் பக்கம் தலைகாட்டவில்லை. அவளும் கெஞ்சினாள், திட்டினாள், ஓய்ந்துபோனாள்.

அதனால்தான் கைபேசியில் முதன்முதலாக ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று வந்தபோது, சலவை அறையிலேயே அழுதுவிட்டாள்.

“ஏய், யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறினாள் கூட வேலை செய்பவள்.

“ஒண்ணும் ஆகல. எம்ரிஸ் வெளிய போயிருக்கான்டி!”

“என் புருஷனும் போறான். திரும்பி வந்துடுறானேன்னுதான் நான் அழறேன்.”

அதன்பின் தினமும் அதே தகவல். வீட்டில் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் கண் பட்டுவிடுமோ என்று பயம். “எப்படிப் போச்சு இன்னைக்கு?” என்பாள். “பரவால்ல” என்பான். மழையில் நனைந்து வருகிறவளுக்கு எந்த வீடும் வெதுவெதுப்புதான்.

ஒருநாள் சலவை இயந்திரம் பழுதாகி, மதியமே அனுப்பிவிட்டார்கள். கைபேசியைப் பார்த்தாள். யாரும் இல்லை. சரி, கிளப்புக்கே போய் அவனோடு ஒரு வாய் குடிக்கலாம் என்று, அந்தக் களைப்பிலும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு மேடேறினாள்.

“எம்ரிஸா?” கிளப்பில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த ஹெடின் விழித்தான். “இட்வால் சாவுக்கு வந்ததுதான். அப்புறம் இந்தப் பக்கமே வரலியே.”

வீட்டுக்கு எப்படி இறங்கி வந்தாளோ தெரியாது. கதவைத் திறந்து நடையில் கால் வைத்ததும் பாய்லர் குப்பென்று பற்றிக்கொண்டது. முன்னறையில், மேல்கோட்டு, தொப்பி, தம்பியின் கழுத்துத்துணி எல்லாம் மாட்டிக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவனைப் போல எம்ரிஸ் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

“சீக்கிரம் வந்துட்டியே” என்றான்.

“பாவி மனுஷா, ஏன் இப்படி விறைச்சுக் கெடக்க? ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாது?”

“நீதான் வேலையிலேருந்தே ஃபோன்ல அணைக்கிறேன்னு நெனச்சேன். சம்பாதிக்கிறவ நீ. சும்மா உக்காந்திருக்கிற ஒருத்தனுக்காக வீட்டையே சூடாக்கணுமான்னு உனக்குத் தோணியிருக்கும். நியாயந்தானே.”

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவன் அழவும் மாட்டான், கேட்கவும் மாட்டான். க்ளெனிஸுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

“நான் அணைக்கல எம்ரிஸ். வாசப்பக்கம் ஆள் நடமாடலைன்னதும், வீட்ல யாருமே இல்லைன்னு அந்தக் கருவி நெனச்சுக்குச்சு.”

அவன் நடைப்பக்கம் எட்டிப் பார்த்தான். “அது நெனச்சதும் தப்பில்ல” என்றான்.

அவள் ஈரக் கோட்டோடேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜில்லிட்ட அந்தக் கைகளைத் தன் மடியில் இழுத்து வைத்துத் தேய்த்தாள்.

“நாளைக்கு இதைக் கழட்டிக் குடுத்துட்டு, கையால திருகுறதை வாங்கப் போறோம். நீயும் வர்ற.”

“மழை பெய்யுமே.”

“இந்த ஊர்ல என்னைக்குப் பெய்யல?”

சுவரோரத்து வெந்நீர் ரேடியேட்டர் டொக் டொக்கென்று சூடேறத் தொடங்கியது.

“க்ளென், அந்தப் புதுசை நான் திருகினா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே?”