சேர்த்து வைக்காத முள்கரண்டி

மகள் லிவேயின் கல்யாண விருந்தை இந்த விடுதியில் வைக்கலாமா என்று ருசி பார்த்துச் சொல்ல அஸ்பியோர்ன் மகளோடு வந்திருந்தார். கடற்கரை விடுதியைப் புதிதாக எடுத்து நடத்தும் குன்வோருக்கு அந்தக் கோடையில் வேறு விருந்து எதுவும் அமையவில்லை.

மீன்சாற்றில் குழையாமல் வெந்த பார்லியைக் குன்வோர் வெள்ளைத் தட்டின் நடுவே பரப்பினாள். தோல் மொறுமொறுக்க வறுத்த சால்மன் துண்டை அதன்மேல் வைத்து, இளங்கேரட்டும் பச்சைப் பட்டாணியும் சுற்றி அடுக்கினாள். தட்டின் ஓரத்தைத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தாள்.

"படம் மாதிரி இருக்கே! உருளைக்கிழங்கு எங்கம்மா ஒளிஞ்சிருக்கு?"

"அப்பா, மானத்த வாங்காதீங்க," என்றாள் லிவே.

அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஆனால் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைக்காமல், தட்டின் இரு பக்கமும் விலக்கிச் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பிடிக்கவில்லையோ என்று குன்வோர் தட்டைப் பார்த்தாள். பிடிக்காதவர் இப்படி வழித்துச் சாப்பிடுவாரா?

அப்புறம்தான் உறைத்தது: சேர்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம், விலக்கி வைத்தால் இன்னும் வேண்டும். கல்யாணப் பந்தி என்றால் இரண்டாம் சுற்று வரவேண்டுமே! மனிதர் அதற்குத்தான் காத்திருக்கிறார். இவளோ அழகு பார்த்து, ஆளுக்கு ஒரு தட்டோடு நிறுத்திவிட்டாள்.

மிச்சப் பார்லியைப் பானையோடு தூக்கி வந்தாள். வால்பக்கத்து மீனும், தனக்கென்று அவித்துவைத்த உருளைக்கிழங்கும் கூடவே வந்தன.

"அலங்காரம் தீந்துபோச்சு. இனி வெறும் சாப்பாடுதான்."

"அதுக்குத்தானேம்மா உக்காந்திருக்கேன்!"

சாப்பிட்டு முடித்துக் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். "சாப்பாட்டுக்கு நன்றி. கல்யாணத்தன்னிக்கும் பானை வரும்ல?"

"பெரிய பானையாவே வரும்," என்றாள் குன்வோர்.