மைலோ டின்னில் முப்பத்தாறு

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பதினாறு பேர். எல்லோரும் ஜொகூரில் வீட்டு மேசையில் உட்கார்ந்து கித்தார் பெடல், அதாவது காலால் அழுத்திக் கித்தாரின் ஒலியை மாற்றும் பெட்டி, செய்கிறவர்கள். எந்தப் பாகத்தைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஹபிஸ்." மலாயில், தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். பழைய டிரான்சிஸ்டர்களை இப்போது யாரும் செய்வதில்லை, ஆன்லைனில் வாங்கினால் பாதி போலி. அதனால் கையில் இருப்பதை யாரும் வெளியில் காட்டுவதில்லை. நானும் யோக்கியம் இல்லை. போன மாதம் பாலோ ஊர் மனோகரன் அண்ணன் எஃப்.ஈ.டி. என்கிற டிரான்சிஸ்டர் இரண்டு கேட்டபோது என் மைலோ டின்னில் முப்பத்தாறு கிடந்தது. "ஹபிஸ்லா அண்ணே" என்று அழுகிற எமோஜியோடு பதில் போட்டேன்.

வியாழக்கிழமை நானே மாட்டிக்கொண்டேன். தம்பி லக்ஷ்மனுக்கு நான் செய்த பெடலில் பிளஸ்ஸும் மைனஸும் மற்ற பெடல்களுக்கு நேர்மாறு. தெரிந்திருந்தும் அவசரத்தில் சாதாரண அடாப்டரைச் செருகினேன். உள்ளே இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போயே போய்விட்டது. சனிக்கிழமை பொந்தியானில் அவன் பேண்டின் முதல் மேடை. முதல் பாட்டே அந்தப் பெடலின் கரகரப்பில்தான் தொடங்குகிறது. வேறொரு டிரான்சிஸ்டரைப் போட்டுப் பார்த்தேன், குளவி கத்துவது போல இருந்தது.

"பரவால்லக்கா," என்றான் லக்ஷ்மன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

குரூப்பில் கேட்டேன். ஹபிஸ், ஹபிஸ், ஹபிஸ். எல்லாம் புளுகு என்று எனக்குத் தெரியாதா? மனோகரன் அண்ணனை நேரில் போய்ப் பிடித்தால் மறைக்க முடியாது. எஃப்.ஈ.டி.யைக் கொடுத்து ஜெர்மானியம் வாங்கிக்கொள்ளலாம் என்று மைலோ டின்னையும் எடுத்துக்கொண்டு குளுவாங்கிலிருந்து பாலோவுக்குக் காரை விட்டேன்.

"நெசமாவே ஹபிஸ்மா," என்றார் அவர். "இருக்கிறது ஒண்ணுதான். அது என் பெடல்ல இருக்கு." சொல்லிக்கொண்டே தன் பெடலைத் திருகிப் பிரித்தார்.

"அண்ணே, வேணாண்ணே!"

"தம்பி சனிக்கிழமை வாசிக்கணும்ல? நான் வாசிச்சா கேக்குறது எங்க வீட்டுப் பூனை மட்டுந்தான். அதுவும் எந்திரிச்சுப் போயிரும்."

கழற்றி, என் பெடலில் பற்றவைத்து, கித்தாரைத் தட்டினார். அதே கரகரப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டின்னை மேசைமேல் வைத்தேன்.

திறந்து பார்த்தார். "எஃப்.ஈ.டி.! எப்பம்மா கிடைச்சுச்சு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நீங்க கேட்டப்பவே இருந்துச்சுண்ணே."

என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அலமாக், நல்லா நடிச்சியேம்மா!" இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு டின்னை என் பக்கம் தள்ளினார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே நின்று குரூப்பில் எழுதினேன்: "எங்கிட்ட எஃப்.ஈ.டி. முப்பத்திநாலு இருக்கு. ஒளிச்சு வச்சிருந்தேன். வேணுங்கிறவங்க கேளுங்க. மனோகரன் அண்ணன் தன்னோட பெடலைப் பிரிச்சு எனக்கு ஜெர்மானியம் குடுத்துட்டாரு."

முதலில் தங்காக்கிலிருந்து சுபத்திரா எழுதினாள்: "எங்கிட்ட ஜெர்மானியம் நாலு இருக்கு. அண்ணனுக்கு ஒண்ணு அனுப்புறேன்." பின்னாலேயே சுகுமாறன், ஆறு. மதிவாணன், பதினொன்று.

அண்ணன் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அடப்பாவிங்களா! இத்தனை நாளா இந்தக் குரூப்ல நான் ஒருத்தன்தான் நெசம் பேசிக்கிட்டு இருந்தேனா?"