திரும்பி வர ஒரு பொத்தான்

"கரண்ட் போயிடுத்தும்மா. அதான் லெட்டரைக் காணலை" என்றாள் கமலாக்ஷி மாமி.

ஸ்வர்ணலதா அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மட்டாஞ்சேரி பஜாரில் அந்த மிளகு ஏற்றுமதி ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதை விற்ற எர்ணாகுளத்துக் கம்பெனி, சொல்லிக்கொடுக்க ஸ்வர்ணலதாவையும் அதோடு அனுப்பிவைத்தது. அவளுக்கு இது முதல் வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் பச்சை எழுத்தில் தெரிகிற மெனு அவள் கைவண்ணம். ஒன்று அமுக்கினால் கடிதம், இரண்டு சரக்கு இருப்பு, மூன்று கப்பல் பில். எந்தக் கட்டளையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

பெருமை தாங்காதோ என்னவோ, ஹாம்பர்க் வியாபாரிக்குப் போக வேண்டிய கடிதம் மூன்றாவது தடவையாகக் காணாமல் போயிருந்தது.

முதலாளி வெங்கிடராமன் தும்மிக்கொண்டே அறையிலிருந்து வந்தார். "மெஷின் கேடா, ஆள் கேடா? நாளை சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். மெஷின்னா திருப்பி எடுத்துண்டு போங்கோ. ஆள்னா, என் மச்சினன் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சுட்டு ஆத்துல சும்மாத்தான் இருக்கா."

மாமி மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அவள் தட்டிய டைப்ரைட்டர் மாடிப்படிக்கு அடியில் உறை போட்டு உட்கார்ந்திருந்தது. முதுகு வலியால் வேலையை விட்டுவிட்ட கணவர், படிக்கிற இரண்டு பெண்கள் என்று வீடே அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

"சாயா குடிச்சுட்டு வரேன் மாமி" என்று கிளம்பிய ஸ்வர்ணலதா, கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

மாமி ஒன்றை அமுக்கினாள். கடிதத்தை மழை மாதிரி தட்டினாள். முடித்ததும் விரல்கள் நின்றன. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கை மெதுவாகப் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போயிற்று. டக்! சிவப்பு ஸ்விட்ச் அணைந்தது; கடிதமும் அதோடு போயிற்று. மறுபடியும் போட்டாள். மெனு வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏன் மாமி ஆஃப் பண்ணேள்?"

மாமி தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். "நீ சாயா குடிக்கப் போகலையா?"

"போகலை. சொல்லுங்கோ."

"உள்ளே போறதுக்கு ஒரு நம்பர் போதும். வெளியே வரதுக்கு மூணுக்கும் மூணு வழி. நீ சொன்னே, நான் குழப்பிண்டேன். இங்கிலீஷ்ல என்னமோ கேக்கறது. தப்பா அமுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு. ஆஃப் பண்ணினா உன் மெனுவுக்கே வந்துடறது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச முகம்."

"என்னண்ட கேட்டிருக்கலாமே?"

"ஸ்பெல்லிங் தெரியலைன்னா இந்த ஆபீஸே என்னைத்தான் கேக்கும். நான் போய், எப்படி வெளியே வரதுன்னு கேக்கறதா?" என்றாள் மாமி. "அக்கரையில இருக்கற வைப்பினுக்குப் போறதுன்னாக்கூட, திரும்பி வர போட் எப்போன்னு கேட்டுண்டுதான் ஏறுவேன். உன் மெனுவுல அது எழுதலையேம்மா."

ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. உள்ளே போகிற கதவுகளையே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். வெளியே வருகிற வழி அவளுக்குக் கைப்பழக்கம். அதனால் அதை நினைக்கவே இல்லை. ஆனால் மெஷின் திரும்பிப் போனால் அவள் வேலையும் போகும். 'ஆள் கேடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம்.

நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"மெஷினும் கேடில்லை, ஆளும் கேடில்லை ஸார். நான் போட்ட மெனுதான் கேடு. நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

"ஆகலைன்னா?"

"மெஷினைத் தூக்கிண்டு போறப்போ நானும் கூடவே போயிடறேன்."

மறுநாள் மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. கீபோர்டு மூலையில் சும்மா கிடந்த ஒரு பொத்தான். கடிதத்தில் இருந்தாலும் சரி, கப்பல் பில்லில் இருந்தாலும் சரி, அதை அமுக்கினால் போதும். செய்ததைப் பத்திரப்படுத்திவிட்டு மெனுவுக்குத் திரும்பும். மெனுவின் கடைசி வரியிலும் அதை எழுதினாள். பிறகு, தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பொத்தான் மேல் ஒட்டினாள்.

"இதான் உங்க ரிட்டர்ன் போட், மாமி."

சாயங்காலம் முதலாளி வந்து மாமியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மாமி ஹாம்பர்க் கடிதத்தின் பாதியில் இருந்தாள்.

"அது இருக்கட்டும். ஃபோன்ல ஆள் காத்திண்டிருக்கு. மிளகு எத்தனை மூட்டை இருக்கு, சட்டுனு பார்த்துச் சொல்லுங்கோ!"

பதற்றத்தில் மாமியின் கை சிவப்பு ஸ்விட்ச் பக்கம் நகர்ந்தது. கை பாதியில் நின்றது. திரும்பியது. பொட்டை அமுக்கியது.

மெனு வந்தது. இரண்டு. "இருநூத்தி நாப்பது மூட்டை ஸார்!" பொட்டு. ஒன்று. ஹாம்பர்க் கடிதம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மீதியையும் தட்டி முடித்து, நிதானமாகப் பொட்டை அமுக்கினாள் மாமி.

"மச்சினன் பொண்ணுக்கு வேற எடம் பாக்கணும் போலிருக்கு" என்று முனகிக்கொண்டே முதலாளி ஃபோனுக்குப் போனார்.

அப்போது திரை இருண்டது.

"கரண்ட் போயிடுத்து!" என்று மாமி கத்தினாள். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, லெட்டர்?" என்று உள்ளேயிருந்து அலறினார் முதலாளி.

"அது அப்பவே கரை சேர்ந்தாச்சு ஸார்" என்றாள் மாமி.