டிரம்முத் தண்ணீரில் ஓடிய மோட்டார்

மணிராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை தெரிந்தவன் என்பதால் கோவில்பட்டியில் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பசுவந்தனை ரோட்டில் அவன் ஒர்க்‌ஷாப். சுற்றுவட்டாரக் கரிசல்காட்டுக் கிணறுகளில் எந்த டீசல் இன்ஜின் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். வந்தவனை நாலு ஏச்சு ஏசிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுப்பான். அந்த ஏச்சுக்கும் சேர்த்தே அவனுக்கு மரியாதை இருந்தது, அதுதான் வேடிக்கை.

தங்கை செண்பகவல்லியைக் குளத்தூரில் கொடுத்திருந்தது. அவள் புருஷன் மாயகிருஷ்ணன் விவசாயி. மழை இரண்டு வருஷம் ஏய்த்து, மிளகாய்ச்செடி நின்ற இடத்திலேயே சுருண்டுபோனதில், மனுஷன் ஒரு பழைய பைபர் வள்ளத்தையும் அவுட்போர்டு மோட்டாரையும் வாங்கிக் கடலில் இறங்கிவிட்டார். வள்ளம் ஓட்ட கண்ணுசாமி என்று ஒருவன். உள்ளூர்க்காரன். உப்பளத்தில் வெந்து கிடந்தவன், கடற்கரை ஆட்களோடு போய்த் தொழில் பழகி, உப்பை விட்டுக் கரையேறியிருந்தான்.

தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. மோட்டாரின் தண்டையும் விசிறியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது தேய்ந்தபோது, தூத்துக்குடியில் புது விசிறி வாங்கிவிடலாம் என்றார் மாயகிருஷ்ணன்.

"பொறவு நான் எதுக்கு மாப்ள இருக்கேன்?" என்று மணிராஜ் விசிறியைக் கையோடு கோவில்பட்டிக்குத் தூக்கிவந்தான். பம்புசெட் கப்ளிங்கில் போடுகிற ரப்பரை அளவாக வெட்டி, அடித்து ஏற்றிக் கொடுத்தான். தங்கச்சி வீட்டுக்குச் செய்தோம் என்று பெருமையோ பெருமை.

ஒரு வாரம் போகவில்லை. வள்ளம் இழுக்கவில்லை என்று தாக்கல் வந்தது. மணிராஜ் மீன் ஏலம் நடக்கிற நேரமாகப் பார்த்துக் கரையில் போய் இறங்கினான்.

"மெதுவாப் போனாப் போகுது அண்ணாச்சி. முறுக்கினா மோட்டாருதான் அலறுது, வள்ளம் நின்ன இடத்துலயே நிக்குது. விசிறி வழுக்குது" என்றான் கண்ணுசாமி.

மணிராஜ் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பச் சொன்னான். மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தான். அடேயப்பா! தண்ணீர் கொந்தளித்து எழும்பி, நின்றவர்கள் வேட்டியையெல்லாம் நனைத்தது.

"பாத்தியாலே! வழுக்குதாம்லா, வழுக்குது! முறுக்கத் தெரியாத பயலுக்கு மோட்டாரு ஒரு கேடா? நீ உப்பு வாரத்தாம்லே லாயக்கு."

ஏலத்துக்கு நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. கண்ணுசாமி சிரிப்பு ஓயும்வரை நின்றான்.

"ஒருக்கா கடலுக்கு வந்து பாருங்க அண்ணாச்சி."

"டிரம்முல ஓடுத மோட்டாரு கடல்ல ஓடாதோ? போலே!"

அதோடு கண்ணுசாமி பிழைப்பு போயிற்று. கோவில்பட்டி மெக்கானிக்கே சொல்லிவிட்டான் என்று பேச்சு பரவி, அந்தக் கரையில் யாரும் அவனை வள்ளத்தில் ஏற்றவில்லை. திரும்பவும் உப்பளத்துக்கே போனான்.

பிறகு மாயகிருஷ்ணனே வள்ளத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நடுக்கடலில் காற்று எழும்பியதும் முறுக்கினால், அதே அலறல். வள்ளம் காற்று தள்ளிய பக்கம் போயிற்று. வேறு வள்ளக்காரர்கள் பார்த்துக் கயிறு போட்டு இழுத்துவந்தார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு போன் வந்தது.

"ஒருக்கா வாங்க மச்சான். இந்தத் தடவை வள்ளத்துல ஏறியே பாத்துருவோம்" என்றார் மாயகிருஷ்ணன்.

மணிராஜ் போனான். முதலில் கரையிலேயே எல்லாம் பார்த்தான். விசிறியில் வலைநூல் சுற்றியிருக்கிறதா? இல்லை. தண்டில் செருகிய பின் ஒடிந்திருக்கிறதா? முழுசாக இருந்தது. கியரைப் போட்டுவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தான், அசையாமல் பிடித்தது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அவன் அடித்து ஏற்றிய ரப்பர். அதை மட்டும் அவன் மனசு ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றது.

ரப்பர் வழுக்கவில்லை என்று காட்டிவிட, தங்கை மகள் ப்ரியதர்ஷினியின் நகப்பாலிஷை வாங்கி வந்தான். தண்டோடு இறுகியிருக்கும் உள்வளையத்தில் ஆரம்பித்து விசிறியின் மேல்வரை நேராகச் சிவப்பில் ஒரு கோடு இழுத்தான். ரப்பர் பிடித்தால் கோடு கோடாகவே இருக்கும். வழுக்கினால் இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியவனில்லை. அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கரை தள்ளிப் போனதும் மாயகிருஷ்ணன் முறுக்கினார். மோட்டார் வீறிட்டது. வள்ளம் கிணற்றில் போட்ட கல்லாக நின்றது. முறுக்கை விட்டு அணைத்து, மோட்டாரைச் சாய்த்து விசிறியை வெளியே தூக்கினார்கள்.

கோட்டின் ஒரு பாதி மேலே இருந்தது. மறுபாதி எதிர்ப்பக்கம் கிடந்தது.

மணிராஜ் கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தான். வெட்கக்கேடு, அப்படித்தான் செய்தான். நகப்பாலிஷ் எச்சிலுக்கா அழியும்? தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தது. நிமிர்ந்தால் மாயகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெதுவாக ஓட்டினால்தான் வள்ளம் போகும். கரை வர எவ்வளவோ நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மென்று மென்று விழுங்கிவிட்டுக் கடைசியில் சொன்னான்.

"நான் போட்ட ரப்பருதான் மாப்ள பிடிக்கல. கண்ணுசாமி மேல தப்பில்ல."

"தெரியும் மச்சான்."

"தெரியுமா? எப்ப?"

"நீங்க டிரம்முல ஓட்டினீயள்லா, அன்னைக்கே. டிரம்மு தண்ணிக்கு ஏது பாரம்? வள்ளத்தையா தள்ளுது? செண்பகமும் அதாஞ் சொன்னா. ஆனா பொண்ணு குடுத்த வீட்டு ஆளை, அத்தனை பேரு முன்னால எப்படிச் சொல்ல? மெதுவா ஓட்டிச் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். அவளும் எங்கண்ணனை ஒண்ணும் சொல்லிராதீயன்னு அழுதா."

"அதுக்கு அவன் பிழைப்பு போகணுமா?"

"போயிருக்கக் கூடாதுதான். அவனைத் திரும்ப வரச் சொல்லுங்க மச்சான்" என்றார் மாயகிருஷ்ணன். அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது.

அவன் மரியாதைக்காக ஒரு வீடே வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு தப்பும் செய்யாதவன் தலையில் பழியைத் தூக்கி வைத்திருக்கிறது. மணிராஜுக்கு உடம்பு கூசியது. தங்கை வீட்டில் இலை போட்டிருந்தார்கள். சாப்பிட உட்காராமல் சைக்கிளை வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனான்.

நல்ல வெயில். கண்ணுசாமி முழங்கால்வரை உப்புநீரில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தான். மணிராஜ் வரப்பில் நின்றபடி, விழுங்காமல், முழுவதையும் சொன்னான். மன்னிச்சுக்கோ என்றான். நாளைக்கே புது விசிறி மாட்டிவிடலாம், மாப்பிள்ளை உன்னைத் திரும்ப வரச் சொன்னார் என்றான்.

கண்ணுசாமி பலகையைச் சாய்த்து வைத்தான்.

"எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதீய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. கரைக்காரன் சொன்னா நம்பியிருக்க மாட்டா. கோவில்பட்டி மெக்கானிக்கு சொன்னாருன்னதும் நம்பிட்டா. கிடைச்ச தொழிலையும் கெடுத்துட்டு வந்து நிக்கேன்னு எங்கூடப் பேசுததே இல்ல." திரும்பிக் கூப்பிட்டான். "ஏட்டி முத்துசெல்வி! இங்கன வா!"

தலையில் உப்புக்கூடையோடு வந்தவள் கூடையை இறக்கினாள். மணிராஜ் இரண்டாம் தடவையும் சொன்னான். இந்தத் தடவை கஷ்டமாக இருந்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"சோத்தைக்கூட தள்ளித்தான வச்சேன்" என்றாள் அவனிடம்.

பிறகுதான் மணிராஜ் பக்கம் திரும்பினாள். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவள் ஏசவில்லை.

"இவிய அன்னைக்கே கூப்பிட்டாவள்லா. ஒருக்கா கடலுக்குப் போயிப் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி? ஏன் போகல?"

நேரமில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வேலை கிடந்தது, எது சொன்னாலும் நம்பிவிடுவாள். அவன் சொன்னதைத்தான் எல்லாரும் நம்புகிறார்களே.

"பயம் தாயி" என்றான். "எனக்குக் கடலுன்னா பயம். அதான் வரல."

பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாரியவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.